தனித் தட்டு யாரைக் காப்பாற்றுகிறது?

"அன்பு இருந்தால் எந்த நோயும் ஓடிவிடும்" என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் பொய்! எச்.ஐ.வி. கிருமியை எந்த அன்பும் அடக்காது, மாத்திரைதான் அடக்கும். அப்படியானால் அன்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அது என்ன வேலை என்று நாமக்கல்லைக் கேட்டால் சொல்லும்.

லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பேர்போன மாவட்டம் அது. டிரைவர்கள் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். 1986-ல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. பின்னாளில் அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் நாமக்கல்லும் சேர்ந்தது. உடனே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது: டிரைவர் குற்றவாளி, அவன் மனைவி தீண்டத்தகாதவள்.

2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது. இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரை. ஒழுங்காகப் போட்டு வந்தால், பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறையும். அந்த நிலையில் உடலுறவு வழியாகவும் பரவாது. விட்டு விட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

ஏன் விடுகிறார்கள்? மறதி மட்டுமா காரணம்? மாமியார் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த மாத்திரை, விருந்தாளி வந்த நாளில் வெளியே வராது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதும் தள்ளிப்போகும். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கும் வீட்டில் இந்த ஒளிவு மறைவு எதற்கு? அன்பின் வேலை இதுதான்.

இது வெறும் உருக்கப் பேச்சு அல்ல. 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியானது. உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதல் என்றது அது.

"எல்லாம் சரி, எங்களுக்கு ஒட்டிக்கொண்டால்?" என்பார்கள். தட்டில் ஒட்டாது. டம்ளரில் ஒட்டாது. கட்டிப் பிடித்தாலும் ஒட்டாது. வேலையில், பள்ளியில், ஆஸ்பத்திரியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2017-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டமும் அடுப்படிக்குள் வந்து சோறு போடாது.

தனித் தட்டு யாரையும் நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை. நோயாளியை மாத்திரையிலிருந்து பிரிக்கிறது, அவ்வளவுதான். மருந்தை அரசு கொடுத்துவிடும். பந்தியில் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியது வீடு அல்லவா?