எடிட் செய்த போட்டோவும் பழைய குறிப்பும்

டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஜேபெக் படத்துக்குள் ஒரு குறிப்புச் சீட்டு ஒளிந்திருக்கிறது. பெயர் எக்ஸிஃப். எடுத்த தேதி, ஷட்டர் வேகம், ஃபிளாஷ் அடித்ததா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். 2002-ல் வந்த எக்ஸிஃப் 2.2, இதைப் பிரிண்டரும் படித்துப் பயன்படுத்த வழி செய்தது. (எப்சன் 2001-லேயே 'பிரிண்ட் இமேஜ் மேட்ச்சிங்' என்று தனியாக ஒன்றை விட்டிருந்தது.) இரவுக் காட்சி என்று கேமரா எழுதி வைத்திருந்தால், இருட்டைக் குறை என்று நினைத்துப் பிரிண்டர் வெளுக்க வேண்டியதில்லை.

இனிதான் சிக்கல். சில எடிட்டிங் மென்பொருள்கள் சேவ் செய்யும்போது சீட்டையே கிழித்துப் போட்டுவிடும். எல்லோரும் புலம்புவது இதைப் பற்றித்தான். ஆனால் கிழிக்காமல் அப்படியே விட்டுவைப்பதுதான் அதைவிட மோசம்! சீட்டு இல்லையென்றால் பிரிண்டர் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும். பழைய சீட்டு இருந்தாலோ, கையால் ஏற்கனவே சரிசெய்த படத்தையே மறுபடி 'சரிசெய்ய'ப் பார்க்கும். கல்யாண போட்டோவில் மணப்பெண் முகம் வெளிறிப்போனால் திட்டு வாங்குவது என்னவோ பிரிண்ட் போட்ட கடைக்காரர்தான்.

சந்தேகம் இருப்பவர்கள் படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று சொல்லும் 'ஓரியன்டேஷன்' குறிப்பைப் பார்க்கலாம். மென்பொருள் படத்தைத் திருப்பிவிட்டு இந்தக் குறிப்பை மாற்ற மறந்தால், அடுத்து திறக்கும் மென்பொருள் இன்னொரு முறை திருப்பும். நின்றவர் படுத்துவிடுவார்.

எடிட் செய்த படத்துக்குப் பிரிண்டரின் ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்துவிடலாம், ஒரிஜினலைத் தொடாமல் காப்பியில் வேலை செய்யலாம். ஆனால் இதெல்லாம் வாங்கியவர் தலையில் ஏன் விழ வேண்டும்? படத்தை மாற்றும் மென்பொருளே சீட்டையும் திருத்தி எழுத வேண்டாமா?