கப்பலேறும் கடலைக்குச் சோதனை! உழைப்பாளி தின்னும் கடலைக்கு?

நிலக்கடலையில் பூசணம் பிடித்தால் என்ன, முறத்தில் புடைத்துத் தள்ளினால் போயிற்று என்று சொல்லும் வியாபாரிகள் உண்டு. போகாது என்று நாம் சொல்கிறோம்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில், பூசணம் உண்டாக்கிய விஷத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் அஃப்ளடாக்ஸின். வறுத்தாலும் அவித்தாலும் அது முற்றிலும் அழிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெடுநாள் தின்றால் ஈரலில் புற்றுநோய்; ஒரேயடியாக மிகுந்தால் மரணம்!

சாவு கோழிகளோடு நின்றதா? 1974-ல் ராஜஸ்தான், குஜராத் ஆதிவாசிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். வேறு தானியம் வாங்க வழியற்ற ஏழைகள் அவர்கள்.

இந்த விஷம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூட்டையில் சில பருப்புகளில் மட்டுமே இருக்கலாம். ஆகவே பல மூட்டைகளிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, அரைத்து, கலந்து, பரிசோதனைச் சாலையில் அளக்க வேண்டும்.

இது முடியாத காரியமா? ஐரோப்பாவுக்குப் போகும் கடலைக்கு இந்தச் சோதனைச் சான்று இல்லாமல் கப்பலில் இடமில்லை. நேரடியாகத் தின்னும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அந்நாடுகள் ஏற்பதில்லை. நம் நாட்டுச் சட்டமும் வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் உள்ளூர்ச் சரக்குக்கு? அங்கொன்றும் இங்கொன்றுமாக மாதிரி எடுப்பதோடு சரி!

அந்நிய நாட்டான் ஈரல் வேறு, மில் தொழிலாளியின் ஈரல் வேறா?

விவசாயி சரியாகக் காயவைக்கவில்லை என்று பழி சுமத்துகிறார்கள். அவன் காயவைக்கக் களம் எங்கே? மழைக்கு மூடத் தார்ப்பாய் எங்கே? விலையேறட்டும் என்று ஈரக் கிடங்கில் மூட்டைகளை அடுக்கி வைப்பவன் விவசாயியா?

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை:

ஊர்தோறும் உலர்களம் வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் தோறும் சோதனை வசதி வேண்டும். அதன் செலவு விவசாயி தலையில் விழக் கூடாது. முடிவுகளைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். தேறாத சரக்கு கள்ளத்தனமாகச் செக்குக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகாமல் தடுக்க வேண்டும். மாடு தின்றால் அந்த விஷம் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் குழந்தைகள்!

தோழர்களே! கிராமக் கூட்டங்களிலும் மில் வாசல்களிலும் இதைப் பேசுங்கள். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுங்கள். கடலையை விளைவிப்பவனுக்கும் நல்ல கடலை தின்ன உரிமை உண்டு!