தையல் யாருக்கு உரியது?

நம் மொழியில் 'தையல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. துணியைத் தைத்தலும் தையல். இலக்கியத்தில் பெண்ணும் தையல். சொல் ஒன்றாக இருப்பதால், அக்கலை பெண்ணுக்கே உரியது என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே என் கருத்து. இதனை ஒரு துணிப்பூவைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

கூந்தல் கிளிப்பிலும் கைப்பையிலும் தொப்பியிலும் வைத்துத் தைத்த துணிப்பூக்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றைச் செய்யப் புதுத்துணி வேண்டியதில்லை. தையற்கடையில் வெட்டி ஒதுக்கிய துண்டுத்துணியே போதும். ஏறத்தாழ 7 செ.மீ. குறுக்களவுள்ள ஐந்து வட்டங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வட்டத்தைப் பாதியாக மடித்து, மீண்டும் பாதியாக மடித்தால் கால்வட்டம் கிடைக்கும். அதன் வளைந்த ஓரத்தில் ஓட்டுத்தையல் இட்டு நூலை இழுத்தால், துணி சுருங்கி ஓர் இதழாகும். நூலை அறுக்காமல், மற்ற நான்கு இதழ்களையும் அவ்வாறே அடுத்தடுத்துக் கோக்க வேண்டும். கடைசி இதழை முதல் இதழோடு இணைத்து முடிச்சிட வேண்டும். நடுவில் ஒரு பொத்தானையும் பின்புறத்தில் ஒரு கிளிப்பையோ ஊக்கையோ வைத்துத் தைத்தால் பூ முழுமை பெறும்.

இச்சிறு பணிக்குள் எத்தனை பாடங்கள்! ஐந்து இதழ்களும் சமமாக அமைய ஒவ்வொன்றுக்கும் 72 பாகை இடம் வேண்டும், இது கணிதம். பாலியெஸ்டர் நாடாவின் ஓரம் வெப்பத்தில் உருகி இறுகும், பருத்தியோ கருகும், இது அறிவியல். நூலை மிகுதியாக இழுத்தால் அறுந்துவிடும். தளரவிட்டால் பூ உருவிழக்கும். அந்த அளவைப் படிக்கும் நூல் சொல்லித் தராது. தைக்கும் நூலே சொல்லித் தரும்.

இத்தகைய பயிற்சியை மாணவியர்க்கு மட்டும் ஒதுக்குவது முறையாகுமா? வீட்டில் பொத்தான் அறுந்தால் நம்மில் பலர் அம்மாவையோ அக்காவையோதான் அழைக்கிறோம். தெருமுனைத் தையற்கடையில் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரோ பல ஊர்களில் ஓர் ஆண். இலக்னோ நகரில் 'சர்தோசி' எனப்படும் சரிகைப் பூவேலையைத் தொழிற்கூடங்களில் செய்து வருவோர் பெரும்பாலும் ஆண்களே. ஜப்பானில் பட்டுத்துணியின் சிறு சதுரங்களை மடித்து ஒட்டிக் கூந்தற்பூ செய்யும் 'சுமாமி' கலையிலும் ஆண் கைவினைஞர்கள் உள்ளனர். கூலி கிடைக்கும் இடத்தில் ஆணின் தொழிலாகவும், கூலி இல்லாத இடத்தில் பெண்ணின் கடமையாகவும் ஊசி மாறுவது என்ன நீதி?

'கடையில் குறைந்த விலைக்குப் பூ கிடைக்கும்போது நேரத்தை ஏன் செலவிட வேண்டும்?' என்று சிலர் வினவலாம். வாங்கிய பூவின் இதழ் கழன்றால் அதைக் குப்பையில் எறிவோம். தைக்கத் தெரிந்தவர் அதைச் சீர்செய்வார். மேலும், ஒரு பூவைத் தம் கையால் தைத்துப் பார்த்தவரே, நாள்தோறும் பல பூக்களைத் தைப்பவரின் உழைப்பை மதிப்பார்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதனால் இன்னொரு பயனும் உண்டு. பாட்டியிடமோ தந்தையிடமோ அமர்ந்து தைக்கும்போது கோத்தல், மடித்தல், சுருக்குதல், முடிச்சிடுதல் ஆகிய சொற்கள் பொருளோடு மனத்தில் பதியும். ஏட்டில் கற்ற தமிழ் விரல்களுக்கும் பழக்கமாகும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் பத்து நாள்கள் புத்தகப்பை இல்லாமல், தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் போன்றோரிடம் மாணவர்கள் தொழில் பயில வேண்டும் என்கிறது. அந்நாள்களில் ஒன்றையேனும் தையற்கலைஞருக்கு ஒதுக்க வேண்டும். அன்று மாணவரும் மாணவியரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஆளுக்கொரு பூ தைக்க வேண்டும். ஊசியின் காது, நூல் பிடித்த கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டா.