தோற்பதற்கென்று ஒரு பட்டியல்

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாத இறுதியில் அமெரிக்கக் கால்பந்து அணிகள் 32-உம் தத்தம் ஆட்டக்காரர் பட்டியலை 90 பேரிலிருந்து 53 பேராகச் சுருக்குகின்றன. (நாம் அறிந்த கால்பந்து அன்று இது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.) அந்த 53 பெயர்களையும் கையில் வைத்துக்கொண்டு, இவ்வணி இத்தனை ஆட்டம் வெல்லும், அவ்வணி இத்தனை தோற்கும் என்று ஆரூடம் கூறும் பண்டிதர் கூட்டமொன்று அங்கே உண்டு. ஆரூடம் பொய்ப்பதைப் பற்றி நமக்கு வழக்கேதும் இல்லை. நமது வழக்கெல்லாம், அப்பண்டிதர்களில் ஒரு சாரார் சில ஆண்டுகளாக அறிவுடைமை என்று போற்றிவரும் ஒரு கொள்கையோடுதான். நிகழும் பருவத்தைத் தெரிந்தே கைகழுவிவிட்டு, வரப்போகும் பருவங்களுக்காகச் சேமிப்பது விவேகம் என்பது அக்கொள்கை. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் அணி. நாமும் அதே அணியைத்தான் காட்டப்போகிறோம்.

முதலில் அந்த ஊரைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கிளீவ்லண்டில் 1946-இல் தோன்றிய அணி இது. பால் பிரௌன் என்ற பயிற்சியாளரின் பெயரையே தாங்கியது. 1950, 1954, 1955, 1964 என நான்கு முறை தேசியக் கால்பந்துக் கழகத்தின் பட்டத்தை வென்றது. பிறகு 1995 நவம்பரில், பருவத்தின் நடுவிலேயே, அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக உரிமையாளர் ஆர்ட் மோடல் அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பரில் பழைய அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்தில் பார்வையாளர்கள் இருக்கைகளைப் பெயர்த்து மைதானத்தில் எறிந்தார்கள். நகரம் போராடி அணியின் பெயரையும் நிறத்தையும் வரலாற்றையும் தக்கவைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். போனவர்கள் 2000-ஆம் ஆண்டுப் பருவத்திலேயே பால்டிமோர் ரேவன்ஸ் என்ற பெயரில் சூப்பர் பௌல் வென்றார்கள். மூன்றாண்டு வெறுமைக்குப் பின் 1999-இல் புதிதாக ஓர் அணி பழைய பெயரோடு வந்தது. அப்படி ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து, காத்திருந்து பெற்ற ஊரிடம்தான் 2016-இல் "இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்" என்று சொன்னார்கள்.

அவ்வாண்டு சாஷி பிரௌன் என்ற வழக்கறிஞரிடம் அணியின் பட்டியலை வகுக்கும் அதிகாரம் சென்றது. பேஸ்பால் உலகில் புள்ளிவிவர அணுகுமுறைக்காகப் பேர்பெற்ற பால் டிபொடெஸ்டா துணைக்கு வந்தார். எண்களைக் கொண்டு ஆட்டக்காரரை மதிப்பிடுவது தவறென்று நாம் சொல்லவரவில்லை. கண்ணால் கண்டதை மட்டும் நம்பிய பழைய தேர்வாளர்கள் செய்த பிழைகளுக்கு ஒரு தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் 2016 வசந்தத்தில் நடந்தது வேறு. ஆட்டக்காரர்களை மோதலில் தாங்கிநிற்கும் முன்வரிசையிலிருந்து அலெக்ஸ் மேக், மிட்செல் ஷ்வார்ட்ஸ் என்னும் இரண்டு தூண்கள் ஒரே மாதத்தில் வெளியேறின. மேக் சென்ற அட்லாண்டா அணி அப்பருவமே சூப்பர் பௌல் வரை போயிற்று. ஷ்வார்ட்ஸ் சென்ற கான்ஸஸ் சிட்டி பின்னர் அதை வென்றது. அனுபவசாலிகளின் இடங்களில் இளைஞர்கள் வந்து நின்றார்கள். சம்பள உச்சவரம்பில் செலவழிக்காமல் விட்ட சுமார் ஐந்து கோடி டாலர் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏற்றப்பட்டது. அப்பருவம் அணி ஒன்றில் வென்று பதினைந்தில் தோற்றது. அந்த ஒன்றும் கிறிஸ்துமசுக்கு முதல் நாள், ஸான் டியேகோவுக்கு எதிராக, மூன்றே புள்ளி வித்தியாசத்தில் கிடைத்தது. 2017-இல் அதுவும் இல்லை. பதினாறு ஆட்டம், பதினாறு தோல்வி.

"வேண்டுமென்றே தோற்றார்களா?" என்று கேட்பார்கள். அப்போதைய பயிற்சியாளர் ஹியூ ஜாக்ஸன் 2022-இல் அந்தத் தொனியில் சில குற்றச்சாட்டுகளைச் சொன்னார். கழகம் அமர்த்திய விசாரணை அவற்றுக்கு ஆதாரமில்லை என்று முடிவு கூறியது. அம்முடிவை ஏற்பதில் நமக்குத் தடையேதும் இல்லை. எந்த ஆட்டக்காரனும் தோற்பதற்காக ஓடவில்லை. நமது கோபத்துக்குக் காரணமே அதுதான். வெல்ல முடியாத பட்டியலைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் முட்டி மோதுங்கள் என்று மெய்யான மனிதர்களை அனுப்பினார்கள். இந்த ஆட்டத்தில் ஒரு பருவம் என்பது முழங்கால், தோள்பட்டை, மூளை ஆகியவற்றின் மேல் விதிக்கப்படும் வரி. ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்படாத தொகை, ஆளை நீக்கியதும் காற்றோடு போய்விடும். அத்தகைய தொழிலில் இரண்டு பருவம் என்பது பலருக்கு முழு வாழ்க்கை. "பொறுத்திருந்தால் 2020-இல் பலன் கிடைக்கும்" என்பதற்கு அவர்களைப் பொறுத்தவரை என்ன பொருள்?

ஜோ தாமஸ் என்பவரைச் சொல்லாமல் இதைப் பேசுவதில் பொருளில்லை. 2007-இல் மூன்றாவது தேர்வாக வந்தவர். இடது டேக்கிள் என்ற இடம் அவருடையது. பந்தை எறிய நிற்கும் குவார்ட்டர்பேக்கின் முதுகுப்புறத்தைக் காப்பது அவ்விடத்தின் வேலை. பெரும்பாலும் எவரும் கவனிக்காத வேலை. முதல் ஆட்டம் தொட்டு ஒரு நகர்வைக்கூட அவர் தவறவிடவில்லை. 2017 அக்டோபரில் இடக்கையின் மேற்புறத் தசை கிழியும் வரை தொடர்ச்சியாக 10,363 நகர்வுகள். அவர் காத்துநின்ற குவார்ட்டர்பேக்குகளோ, பருவத்துக்குப் பருவம், சிலவேளை மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1999-க்கும் 2018-க்கும் இடையில் அந்த அணிக்காக ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 30 பேர். தாமஸ் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட ஆடாமல் 2018 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி இரண்டு பருவங்களைத்தான் எதிர்காலத்துக்கு முதலீடு செய்தார்கள். அவருடைய ஒப்புதலை யார் கேட்டார்கள்?

சரி, சேமிப்பின் கணக்கையே பார்ப்போம். இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கடைசியில் நின்ற அணிக்கு முதலில் என்ற வரிசையில் வரும். 2016-இல் கிளீவ்லண்டின் கையில் இருந்தது இரண்டாம் இடம். அதை ஃபிலடெல்பியாவுக்கு விற்றுப் பல உரிமைகளாக மாற்றிக்கொண்டார்கள். ஃபிலடெல்பியா அவ்விடத்தில் கார்ஸன் வென்ட்ஸை எடுத்தது; 2018 பிப்ரவரியில் சூப்பர் பௌலையும் வென்றது. (அன்று ஆடியவர் காயமுற்ற வென்ட்ஸ் அல்லர், நிக் ஃபோல்ஸ். ஆரூடக்காரர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.) கிளீவ்லண்ட் அவ்வாண்டு மொத்தம் 14 பேரைத் தேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் 2019 பருவம் தொடங்குமுன்பே வெளியேறிவிட்டார்கள். முதற்சுற்றில் எடுத்த கோரி கோல்மனை இரண்டே ஆண்டில் ஓர் ஏழாம் சுற்று உரிமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

இதன் பின்கதைதான் நம்மை வாயடைக்க வைக்கிறது. ஃபிலடெல்பியாவிடமிருந்து கிடைத்த உரிமைகளுள் ஒன்று 2017-இல் பன்னிரண்டாம் இடமாக வந்தது. அதையும் விற்றார்கள், இம்முறை ஹூஸ்டனுக்கு. ஹூஸ்டன் அவ்விடத்தில் எடுத்தது டெஷான் வாட்ஸனை. ஐந்தாண்டு கழித்து, 2022 மார்ச்சில், அதே வாட்ஸனை ஹூஸ்டனிடமிருந்து பெறக் கிளீவ்லண்ட் மூன்று முதற்சுற்று உரிமைகளையும் வேறு சிலவற்றையும் கொடுத்தது. அவருக்கு 23 கோடி டாலரை முழு உறுதியோடு எழுதிக்கொடுத்தது. அப்போது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் குற்றம்சாட்டி உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தனர். அவர் மறுத்தார், குற்றவியல் வழக்குக்குக் கிராண்ட் ஜூரி இடமளிக்கவில்லை, கழகம் அவரை 11 ஆட்டங்களுக்கு விலக்கிவைத்து 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2022 முதல் 2024 வரை மூன்று பருவங்களில் அவர் ஆடியவை 19 ஆட்டங்கள். ஆட்களை மாற்றினார்கள், அதிகாரிகளை மாற்றினார்கள், உரிமையாளர் மட்டும் மாறவில்லை. பைசா பைசாவாகச் சேர்த்த கஞ்சனின் வீட்டில் ஒரே இரவில் சீட்டாட்டம் நடந்த கதை இது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் உண்டு; அதை மறைப்பது முறையன்று. 2017 மார்ச்சில் ஹூஸ்டன் வேண்டாமென்று ஒதுக்கிய பிராக் ஆஸ்வைலர் என்ற குவார்ட்டர்பேக்கை, அவருடைய 1.6 கோடி டாலர் சம்பளச் சுமையோடு ஏற்றுக்கொண்டு, கூலியாக ஓர் இரண்டாம் சுற்று உரிமையைப் பெற்றார்கள். அவரை ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பிவிட்டார்கள். அந்த உரிமையில்தான் 2018-இல் நிக் சப் வந்தார். அணி கண்ட மிகச் சிறந்த ஓட்டக்காரர்களுள் ஒருவர். பன்னிரண்டாம் இடத்தை விற்ற பணத்தில் டென்ஸல் வார்ட் வந்தார். தோல்வியின் பரிசாக மைல்ஸ் காரட் வந்தார், பேக்கர் மேஃபீல்ட் வந்தார். 2020-இல் அணி 11 ஆட்டங்களை வென்றது. ஆகவே திட்டம் பலித்தது என்கிறார்கள்.

பலித்ததா? அதே பெயர்களோடு, கூடவே ஒடெல் பெக்கம் என்ற நட்சத்திரத்தையும் சேர்த்துக்கொண்டு, 2019-இல் அணி புறப்பட்டபோது பண்டிதர்கள் வானளாவப் புகழ்ந்தார்கள். வென்றது ஆறு, தோற்றது பத்து. மறு ஆண்டு மாறியவை இரண்டு: கெவின் ஸ்டெஃபான்ஸ்கி என்ற பயிற்சியாளர் வந்தார், எவரும் பாடாத அந்த முன்வரிசை சீர்செய்யப்பட்டது. அவ்வரிசையில் ஜோயல் பிடோனியோ 2014-இல் வந்தவர், அதாவது சேமிப்புக்கு முந்தையவர். வயட் டெல்லர் பஃபலோவில் மதிப்பின்றிக் கிடந்தவர். ஜாக் காங்க்ளின் காசு கொடுத்து வாங்கப்பட்டவர். ஜே. ஸி. டிரெட்டரையும் காசு கொடுத்தே, 2017-இல், சாஷி பிரௌனே வாங்கினார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து நாம் பறிக்கவில்லை.

2021 ஜனவரி 10 அன்று பிட்ஸ்பர்கில் நடந்த பிளே ஆஃப் ஆட்டத்தை நினைத்துப்பார்க்கிறோம். பயிற்சியாளருக்கும் பிடோனியோவுக்கும் கோவிட், இருவரும் வீட்டில். பிடோனியோவின் இடத்தில் மைக்கேல் டன் என்பவர் நின்றார். அவரும் காயமுற, பிளேக் ஹான்ஸ் என்பவர் இறங்கினார். ஜெட்ஸ் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்து சில நாள்களுக்கு முன்புதான் அழைத்துவரப்பட்டவர். ஆட்டத்துக்குச் சற்று முன், உடைமாற்றும் அறையில்தான், அவரிடம் தம்மை அறிமுகம் செய்துகொண்டதாக மேஃபீல்ட் பின்னர் சொல்லிச் சிரித்தார். 48-37 என்று வென்றார்கள். ஒரு கால் நூற்றாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பின் கிடைத்த பிளே ஆஃப் வெற்றி அது. ஆரூடப் பட்டியல் எதிலும் ஹான்ஸின் பெயர் இருந்திராது.

அப்படியே 2023. கடும் காயங்களுக்கு நடுவே, வீட்டில் இருந்த 38 வயது ஜோ ஃப்ளாக்கோவை நவம்பரில் கூப்பிட்டார்கள். வந்தவர் ஐந்து ஆட்டம் ஆடி நான்கில் வென்று அணியைப் பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனார். 23 கோடி டாலர் ஒப்பந்தம் காயத்தோடு ஓரமாய் அமர்ந்திருந்தது. ஹூஸ்டனில் 45-14 என்று உதைபட்டுத் திரும்பியதும் உண்மைதான். ஆனால் அந்த டிசம்பர் முழுவதும் அந்த ஊர் விழித்திருந்தது. அதை எந்தச் சேமிப்புக் கணக்கில் எழுதுவது?

பதினாறு தோல்விக்குப் பின், 2018 ஜனவரியின் உறைகுளிரில், கிளீவ்லண்ட் ரசிகர்கள் "நிறைவான பருவ ஊர்வலம்" என்று பெயரிட்டு அரங்கைச் சுற்றி வட்டமாக நடந்தார்கள். வட்டம்தான் பூஜ்யம். அதையொட்டித் திரட்டிய பணம் ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்பொன்றுக்குச் சென்றது. அதே செப்டம்பரில், 635 நாள்களுக்குப் பிறகு, அணி ஜெட்ஸைத் தோற்கடித்து முதல் வெற்றியைப் பெற்ற இரவில் நகரத்து மதுக்கடைகளில் பூட்டிவைத்திருந்த பீர்ப் பெட்டிகள் தாமே திறந்துகொண்டன. ஒரு பீர் நிறுவனத்தின் விளம்பர ஏற்பாடு அது. அந்த இரவில் ஜோ தாமஸ் ஆடவில்லை. அவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. 2023 ஆகஸ்டில், கிளீவ்லண்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கேண்டனில், புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். அந்த வாரம் அதே ஊரில் நடந்த காட்சி ஆட்டத்தில் பிரௌன்ஸ் வென்றது. காட்சி ஆட்டங்கள் கணக்கில் சேர்வதில்லை.