நீயே செஞ்சுக்கோ

கிரைண்டரைப் பற்றி இனி ஒரு வரி எழுத மாட்டேன் என்று போன வாரம் இதே இடத்தில் சத்தியம் செய்திருந்தேன். இந்த வாரம் காரைப் பற்றித்தான். நம்பிப் படியுங்கள்.

அக்கா மகன் அமெரிக்காவில், ஒஹாயோவில் இருக்கிறான். டேட்டன் என்ற ஊரில் பேக்கார்ட் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்வந்த கையோடு வாட்ஸ்அப்பில் 14 படங்களைக் கொட்டிவிட்டான். அந்தக் கட்டடமே 1917-இல் பேக்கார்ட் விற்பதற்காகக் கட்டிய ஷோரூமாம். 1930-களில் வந்த பன்னிரண்டு சிலிண்டர் வண்டி ஒன்றை மட்டும் ஆறு கோணத்தில் எடுத்திருந்தான். நுகத்தடி மாதிரி தோள் வளைந்த ரேடியேட்டர், சக்கரத்தின் நடுவில் சிவப்பு அறுகோணம், முன் மட்கார்டில் குழி வெட்டி உட்கார வைத்த ஸ்டெப்னி. துளி துரு இல்லை. “தொட விடமாட்டேங்கறாங்க மாமா” என்று கீழே குறிப்பு வேறு.

அழகான வண்டிதான், சரி. ஆனால் அந்தக் கம்பெனி பிறந்ததே ஒரு புகாரில் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஜேம்ஸ் வார்ட் பேக்கார்ட் இன்ஜினீயர். லீஹை பல்கலைக்கழகத்தில் 1884-இல் பட்டம் வாங்கியவர். அண்ணன் வில்லியமோடு சேர்ந்து ஒஹாயோவிலேயே வாரன் என்ற ஊரில் மின்விளக்குத் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். 1898 ஆகஸ்டில் ஆசைப்பட்டு கிளீவ்லாந்து போய் ஒரு கார் வாங்கினார். செய்து விற்றவர் அலெக்சாண்டர் வின்டன், ஸ்காட்லாந்திலிருந்து வந்து சைக்கிள் செய்துகொண்டிருந்தவர். வண்டி ஊர் வந்து சேருமுன் படுத்துவிட்டது. கடைசியில் குதிரை பூட்டி இழுத்து வந்தார்கள் என்று சொல்வார்கள். குதிரையைக் கைகழுவுங்கள் என்று வின்டன் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததும் அதே கோடையில்தான்!

பேக்கார்ட் விடவில்லை. இன்னின்ன கோளாறு, இப்படி இப்படிச் சரிசெய்யலாம் என்று வின்டனிடமே போய் நின்றார். வின்டன் சொன்ன பதில் ஆளுக்கு ஆள் வார்த்தை மாறி வழங்குகிறது. சாரம் ஒன்றுதான்: அவ்வளவு தெரிஞ்சவன்னா நீயே ஒண்ணு செஞ்சுக்கோயேன்.

செய்துவிட்டார் மனுஷன். அதுவும் வின்டனிடமிருந்தே இரண்டு பேரை இழுத்துக்கொண்டு. 1899 நவம்பர் 6-ஆம் தேதி, ஒற்றை சிலிண்டரோடு முதல் பேக்கார்ட் வாரன் தெருவில் ஓடியது. அந்த வண்டி இன்றும் லீஹையில், அவர் பணம் கொடுத்துக் கட்டிய ஆய்வகக் கட்டடத்தில் நிற்கிறது. எங்கள் வண்டி எப்படி என்று வாங்கியவரையே கேளுங்கள் என்பதுதான் பல வருடம் அந்தக் கம்பெனியின் விளம்பரம். வாங்கி அவதிப்பட்டவர் ஆரம்பித்த கம்பெனி வேறு என்ன சொல்லும்? வின்டன் 1924-இல் கார் செய்வதையே நிறுத்திவிட்டார். பேக்கார்ட் பெயரில் 1958 வரை வண்டி வந்தது.

வின்டன் திமிர் பிடித்தவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பேக்கார்டின்மேல், அப்படி ஒருவரிடம் போய்த் திட்டு வாங்க முடிந்ததே என்று. ரயிலேறிக் கிளீவ்லாந்து போனால் செய்தவனையே பார்க்கலாம். நான் யாரைப் போய்ப் பார்ப்பது?

(சத்தியம் இங்கே உடைகிறது.) கிரைண்டரைப் பார்க்க ஒரு பையன் வந்தான். கல் சுற்றுவதைக் காது கொடுத்துக் கேட்டான். “கொஞ்சம் சத்தம் வரத்தான் சார் செய்யும்” என்றான். போனில் ஓர் எண் வரும், சொல்லுங்கள் என்றான். சொன்னேன். அந்த எண்ணைச் சொன்னால் புகார் தீர்ந்துவிட்டதாக நானே கையெழுத்துப் போட்டமாதிரி என்பது அவன் பைக் தெருவைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. இதோடு மூன்று தடவை என் புகார் தீர்ந்திருக்கிறது. மூன்று தடவையும் ஐந்து நட்சத்திரம் கேட்டார்கள். இரண்டு தடவை போட்டும் தொலைத்தேன். அந்தப் பையன்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. திமிராகப் பதில் சொல்லக்கூட அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

பேக்கார்ட் கதையை வீட்டில் சொன்னேன். “அந்த ஆள் காரே செஞ்சாரு. நீங்க அந்த பெல்ட்டைக் கழட்டிப் பாருங்க, போதும்” என்றாள் மனைவி.

ரோஷம் வந்து ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை. இட்லி மாவு இப்போது தெருமுனைக் கடையில் வாங்குகிறோம், பாக்கெட் 40 ரூபாய்.