பொருத்தம் பார்க்கிறவர்கள்

பெண் பார்த்துவிட்டுப் போன பிள்ளை வீட்டாரிடமிருந்து பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வரும். "ஜாதகம் பொருந்தவில்லை." அவ்வளவுதான். ஜாதகம் பார்த்து, பொருத்தம் இருக்கிறது என்று ஜோசியர் சொன்ன பிறகுதானே ஐயா வந்து சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள் என்று பெண்ணைப் பெற்றவள் கேட்கமாட்டாள். கேட்டு என்ன பயன்? வேண்டாம் என்பதைக் கௌரவமாகச் சொல்வதற்கு நம் ஜனங்கள் கண்டுபிடித்த வாசகம் அது. பாவம், பழியெல்லாம் கிரகங்களுக்கு.

அரசியலிலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறார்கள். "நம் சட்டசபை அங்கத்தினர் நல்ல மனிதர்தான், மிதவாதி. ஆனால் தொகுதி மாறிவிட்டது. இனிமேல் அவர் அதற்குப் பொருந்தமாட்டார்." எனக்கு ஆத்திரம் வருவது ஆளை மாற்றுவதில் அல்ல, இந்த வாசகத்தில்தான்.

சமீப காலத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ என்று ஒரு மாநிலம். அதன் செனட் சபையில் 42 பேர். 2020 ஜூன் 2-ம் தேதி, டெமாக்ரடிக் கட்சி தன் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய உட்கட்சித் தேர்தலில், பதவியில் இருந்த ஐந்து மிதவாதிகள் ஒரே நாளில் தோற்றுப் போனார்கள். செனட்டின் இடைக்காலத் தலைவர் மேரி கே பேப்பன் ஒருவர். நிதிக் கமிட்டித் தலைவர் ஜான் ஆர்தர் ஸ்மித் இன்னொருவர். அவர் 1989 முதல் அந்தச் சபையில் இருந்தவர்.

காரணம் ஒரு வாக்கெடுப்பு. கருச்சிதைவைக் குற்றமாக்கிய 1969-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று அந்த மாநிலத்தில் இருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1973-ம் வருஷத்துத் தீர்ப்பினால் அது செயலற்றுக் கிடந்தது, ஆனால் செத்துவிடவில்லை. அதை அடியோடு நீக்க 2019-ல் ஒரு மசோதா வந்தபோது, ரிபப்ளிகன்களோடு சேர்ந்து எட்டு டெமாக்ரட்டுகள் எதிர்த்து வாக்களித்தார்கள். 24-க்கு 18 என்று மசோதா தோற்றது. ஜூனில் தோற்ற ஐவரும் அந்த எட்டுப் பேரில் அடக்கம். (தோல்விக்கு அவரவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு, யாருக்குத்தான் இல்லை?)

ஸ்மித்தின் கணக்கில் இன்னொரு குற்றமும் இருந்தது. மாநிலத்துக்கு எண்ணெயிலிருந்தும் நிலத்திலிருந்தும் வரும் பணம் சேர்ந்த பெரிய நிரந்தர நிதி ஒன்று உண்டு. அதிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துச் சின்னக் குழந்தைகளின் படிப்புக்குச் செலவிடலாம் என்றார்கள். வருஷா வருஷம் கேட்டார்கள். வருஷா வருஷம் இவர் மறுத்தார். 'டாக்டர் நோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பேரனின் பீஸுக்குக்கூட முகம் சுளிக்கும் பாட்டிமார் உண்டல்லவா, அந்த ரகம். பாட்டியிடமும் நியாயம் இருக்கும். எண்ணெய் விலை விழுந்து 2016-ல் கஜானா காலியானதை நேரில் கண்டவர் அவர். ஆனால் நியாயம் இருந்தும் குழந்தைகள் வளர்ந்துகொண்டேதான் இருப்பார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கமாட்டார்கள்.

சரி, ஸ்மித்துக்குத் தொகுதி பொருந்தவில்லையா? டெமிங் என்ற சிற்றூரை நடுவாகக் கொண்டு, மெக்ஸிகோ எல்லையோரம் பரந்து கிடக்கும் வறண்ட நாட்டுப்புறம் அது. அதே வருஷம் நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் அந்தத் தொகுதி பதில் சொல்லிற்று. ஸ்மித்தைத் தோற்கடித்த நியோமி மார்டினெஸ்-பர்ராவை அது ஏற்கவில்லை. கிரிஸ்டல் டயமண்ட் என்ற ரிபப்ளிகன் ஜெயித்தார். கிராண்ட்ஸ் ஊர்க்காரர் கிளெமென்டி ஸான்செஸின் இடமும் அப்படியே ரிபப்ளிகன்களிடம் போயிற்று.

ஆக, மாறியது தொகுதி அல்ல; கட்சி. உட்கட்சித் தேர்தலில் அன்று கட்சியில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே வாக்கு. ஜாதகம் பார்த்தவர்கள் அவர்கள். பெண்ணை யாரும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு மிதவாதிகளின் வக்கீல்கள் சந்தோஷப்பட வேண்டாம். "பார்த்தீர்களா, எங்களை விட்டால் அந்த இடங்களை யாராலும் காப்பாற்ற முடியாது" என்று அவர்கள் சொல்லும் வாதம் டெமிங்கில் செல்லும். லாஸ் குரூஸஸில் செல்லாது. அது சர்வகலாசாலை இருக்கும் நகரம். பேப்பன் போனார், கேரி ஹாம்ப்ளென் வந்தார், நவம்பரிலும் அவரே ஜெயித்தார். மொத்தத்தில் கட்சியின் பலம் 26-லிருந்து 27 ஆயிற்றே தவிரக் குறையவில்லை. முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தம் வயதுதான் ஊரின் வயது என்று தோன்றிவிடுகிறது. தமக்குப் பழக்கமில்லாததை ஊருக்கும் பிடிக்காது என்று நம்பிவிடுகிறார். ஸ்மித் காத்துநின்ற அந்தப் பணத்தை எடுக்கலாமா என்று 2022-ல் ஜனங்களையே கேட்டார்கள். நூற்றுக்கு எழுபது பேர் எடு என்றார்கள்.

அப்படியானால் ஐவரையும் நீக்கியது சரியா? என்னைக் கேட்டால், சரிதான். 2021 பிப்ரவரியில் புதிய சபை அந்த 1969-ம் வருஷத்துச் சட்டத்தை நீக்கிற்று. 2022 ஜூன் 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே ரத்து செய்தபோது, நியூ மெக்ஸிகோவில் ஒரு டாக்டரைச் சிறைக்கு அனுப்ப அந்தப் பழைய ஏடு இல்லை. மிதவாதிகள் நிதானமாக இருந்திருந்தால் அது இருந்திருக்கும். "எப்படியும் செல்லாத சட்டம்தானே, கிடக்கட்டும்" என்பது வீட்டுக்குள் பாம்பு தூங்குகிறது என்று சொல்வது போல.

அதற்கு இரண்டு தொகுதிகள் விலை. கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விலை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். "இந்த ஒரு வாக்குக்காக உங்களை வேண்டாம் என்கிறோம், அதனால் இந்த இடமே போனாலும் போகட்டும்" என்று ஸ்மித்தின் முகத்துக்கு நேரே சொல்வது ஒரு காரியம். தொகுதி மாறிவிட்டது என்று டெமிங் ஜனங்களின் தலையில் பழியைப் போடுவது வேறு காரியம். அவர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள்.

ஸில்வர் சிட்டிப் பக்கத்து அங்கத்தினர் கேப்ரியல் ராமோஸும் அந்த ஐவரில் ஒருவர். அவரைத் தோற்கடித்த ஸையா கொரியா ஹெம்ப்ஹில் நவம்பரிலும் ஜெயித்தார். பொருத்தம் பார்த்தது பலித்தது என்று சொல்லிக்கொள்ள அங்கே இடமிருந்தது. நாலு வருஷம் கழித்து, 2024-ல், ராமோஸ் திரும்ப வந்தார். அதே தொகுதிதான், கட்சி மட்டும் வேறு. ரிபப்ளிகனாக நின்றார், ஜெயித்தார்.