இலவச பாஸும் சுயாதீன இசையும்: ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

திரைப்படத்துக்காக அல்லாமல் தாமே பாட்டெழுதி, மெட்டமைத்து, கைக்காசு போட்டுப் பதிவு செய்து வெளியிடுகிறவர்களைச் சுயாதீன இசைக்கலைஞர்கள் என்று சொல்வது வழக்கம். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பம் தமிழ் ராப் இசைக்குப் பெரிய வழி திறந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றுசேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. ராப் கலைஞர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பத்தைத் தந்தனர். கர்நாடக இசையை ராக்கோடு இணைக்கும் பெங்களூருவின் ‘அகம்’ குழுவுக்குத் தனி ரசிகர் கூட்டமே உண்டு. இவர்கள் அளவுக்குப் பெயர் பரவாத குழுக்கள் சென்னை, கோவை, மதுரை என்று ஊர்தோறும் இருக்கின்றன.

சினிமாப் பாட்டு என்றால் ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், மிக்ஸிங், மாஸ்டரிங், விளம்பரம் எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளரோ ஆடியோ நிறுவனமோ பணம் போடுவார்கள். சுயாதீனக் கலைஞர்களில் பலருக்கு இந்தச் செலவெல்லாம் பகல் வேலைச் சம்பளத்திலிருந்துதான் போகிறது. தயாரிப்பாளர் இல்லாத அந்த இடத்தில் ரசிகர்தான் நிற்க முடியும். இந்த வேண்டுகோள் அதற்காகவே.

பாட்டைக் கேட்டாலே கலைஞருக்குப் பணம் போய்விடுகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. ஒருமுறை கேட்டால் இவ்வளவு என்று ஸ்பாட்டிஃபை நிலையான தொகை எதுவும் தருவதில்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தில் உரிமையாளர்களுக்கான பங்கை ஒன்றாகச் சேர்த்து, மொத்தமாகக் கேட்கப்பட்டதில் யாருடைய பாட்டு எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுப் பிரிக்கிறது. ஆகவே ஒருவர் மாதம் முழுதும் ஒரே ஒரு சிறு குழுவின் பாட்டை மட்டும் கேட்டாலும், அவர் கட்டிய சந்தாவின் பெரும்பகுதி அவர் கேட்காத நட்சத்திரங்களுக்கே போய்ச் சேர்கிறது. 2024 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டின் பதிவுக்கு உரிமத்தொகை கிடையாது. ரசிகரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகும் முறையைச் சவுண்ட்கிளவுட் 2021இல் கொண்டுவந்தது. பெரிய தளங்கள் பெரும்பாலும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. கேட்பதை நிறுத்தச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிடித்த பாட்டை பிளேலிஸ்ட்டில் சேர்த்து, நாலு பேருக்கு அனுப்பி, அந்த 1,000-ஐத் தாண்டவைத்தால் சிறு கலைஞருக்கு அது நிஜமான உதவி. ஆனால் அத்தோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

யூடியூபிலும் ஒரு வாசல் உண்டு. 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் வழக்கமான வீடியோக்களின் விளம்பர வருவாயில் சேனலுக்குப் பங்கு கிடைக்கும். அதனால் புதிய குழுவின் சேனலில் சப்ஸ்கிரைப் செய்யும் ஒவ்வொருவரும் கணக்கில் வருகிறார்கள். வேறு யாரோ எடுத்துப் போட்ட பிரதியைப் பகிராமல், கலைஞரின் சொந்த சேனலிலிருந்து பகிர்வதே நியாயம்.

ரசிகரின் பணம் அதிகம் சிதறாமல் கலைஞரிடம் போய்ச் சேரும் இடங்களில் நேரடி நிகழ்ச்சி முக்கியமானது. அங்கேதான் “பாஸ் கிடைக்குமா?” என்ற கேள்வியும் வருகிறது. எடுத்துக்காட்டாக, 80 பேர் உட்காரும் சிறு அரங்கில் 300 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் விற்றால் 24,000 ரூபாய். நண்பர், உறவினர், தெரிந்தவர் என்று 25 பாஸ் போனால் 7,500 ரூபாய் குறைகிறது. அரங்க வாடகையும், சவுண்டு சிஸ்டம் வாடகையும், டிரம்ஸ் ஏற்றிவந்த டெம்போ வாடகையும் இதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பாடியவர்களும் வாசித்தவர்களும் பிரித்துக்கொள்கிறார்கள். குறைந்த 7,500 அவர்கள் பங்கில்தான் விழும். கலைஞருக்கு நெருக்கமானவர்களே அதிகம் பாஸ் கேட்கிறார்கள் என்பது வேதனையான விஷயம். நெருங்கியவர்கள்தான் முதலில் டிக்கெட் வாங்க வேண்டும். அதையும் முன்கூட்டியே வாங்குவது நல்லது. முன்பதிவு மந்தமாக இருந்தால் நிகழ்ச்சியே ரத்தாகலாம். அடுத்த முறை அரங்கு தருகிறவரும் யோசிப்பார்.

நேரடியாக வாங்குவதற்கும் வழிகள் உண்டு. பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் ஆல்பம் வாங்கினால் தளம் பொதுவாக 15 விழுக்காடும், டி-ஷர்ட் போன்ற பொருள்களுக்கு 10 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. பெருந்தொற்றால் கச்சேரிகள் நின்றுபோன 2020 மார்ச்சில் அந்தத் தளம் தன் பங்கையே விட்டுக்கொடுக்கும் வெள்ளிக்கிழமைகளைத் தொடங்கியது. உள்ளூரில் இன்னும் எளிது. அரங்க வாசல் மேசையில் கலைஞர் வைத்திருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக 100 ரூபாய் அனுப்பினால், பிடித்தம் ஏதுமின்றி 100 ரூபாயும் சேர்கிறது.

கல்லூரி விழாக் குழுக்களுக்கும் நிறுவனங்களுக்கும் தனியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. திரைப் பாடகருக்குப் பெருந்தொகை ஒதுக்கிவிட்டு, அதே மேடையில் முன்னதாகப் பாடும் உள்ளூர்க் குழுவிடம் “உங்களுக்கு எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்று சொல்வது சரியல்ல. சாப்பாடும் பயணச் செலவும் சம்பளம் ஆகாது. தொகையைப் பேசி, எழுதிக்கொடுத்து, நிகழ்ச்சி நாளன்றே கொடுத்துவிட வேண்டும்.

கையில் பணமில்லாத மாணவர்களும் செய்யக்கூடியது இருக்கிறது. ரீல்ஸில் பாட்டைப் போடும்போது பாடியவரோடு பாட்டெழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் குறிப்பிடலாம். அந்தப் பெயரைப் பார்த்து அடுத்த வாய்ப்பு வருவதுண்டு.

இந்த வேண்டுகோளை விடுக்கும் ரசிகர்கள் மற்ற ரசிகர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: இந்த மாதமே சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ நடக்கும் ஒரு சுயாதீன இசை நிகழ்ச்சிக்கு முழு விலை கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். பாஸ் நீட்டப்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.